திறமூலத் திட்டத்தில் ஒரு மாற்றத்தை எப்போது இணைக்கலாம்? பராமரிப்பாளர்களுக்கான முழுமையான வழிகாட்டி

புல் ரிக்வெஸ்ட் ஒன்று, அதாவது ஒரு மாற்றத்தைத் திட்டத்தில் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை, வந்திருக்கிறது. தானியங்கிச் சோதனைகள் அனைத்தும் தேறிவிட்டன. சீராய்வு செய்த ஒருவர் ஒப்புதலும் தந்துவிட்டார். இனி மெர்ஜ் (இணைத்தல்) பொத்தானை அழுத்த வேண்டியதுதானே என்று புதிதாகப் பொறுப்பேற்ற பராமரிப்பாளர் நினைப்பது இயல்பு. ஆனால் நிரல் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அதை இன்று, இந்தக் கிளையில் (நிரலின் தனி வளர்ச்சித் தடத்தில்), அடுத்த வெளியீட்டுக்கு முன் சேர்க்கலாமா என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு விடை காணும் முறைகள் பல இடங்களில் விரிவாக எழுதப்பட்டுள்ளன. இரண்டாவது கேள்வி பெரும்பாலும் அனுபவத்தின் கையில் விடப்படுகிறது. இந்த வழிகாட்டி இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

இணைத்தல் என்பது பொறுப்பு கைமாறும் இடம். அதுவரை அந்த நிரலைத் திருத்துவதும் விளக்குவதும் எழுதியவரின் வேலை. இணைத்த மறுநாளே அவர் திட்டத்தை விட்டு விலகினாலும், அதில் முளைக்கும் வழுக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பராமரிப்பாளர்கள்தான். இதை உணர்ந்த சிலர் எதையும் சேர்க்கத் தயங்கி, கோரிக்கைகளை மாதக்கணக்கில் தேங்க விடுகிறார்கள். நல்ல பங்களிப்பாளர்கள் சோர்ந்து வேறு திட்டங்களுக்குப் போய்விடுகிறார்கள். வேறு சிலர் உழைத்து அனுப்பியவரின் மனம் நோகக்கூடாது என்பதற்காகவே எல்லாவற்றையும் சேர்த்துவிடுகிறார்கள். சில ஆண்டுகளில் யாரும் முழுவதும் புரிந்துகொள்ள முடியாத நிரல்தொகுப்பு மிஞ்சுகிறது. இவ்விரு நிலைகளுக்கும் இடையே நம்பத்தக்க அளவுகோல் ஒன்று உண்டு என்பது என் உறுதியான கருத்து: ஒரு மாற்றத்தை எவ்வளவு எளிதாகத் திரும்பப் பெற முடியுமோ அவ்வளவு விரைவாக இணைக்கலாம்; திரும்பப் பெறுவது எவ்வளவு கடினமோ அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும். கீழே வரும் படிகள் யாவும் இந்த அளவுகோலை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கானவை.

படி 1: திரும்பப் பெற முடியுமா என்பதை முதலில் தீர்மானியுங்கள்

நிரலின் முதல் வரியைப் படிக்கும் முன்பே, இந்த மாற்றம் தவறென்று ஒரு மாதம் கழித்துத் தெரிந்தால் என்ன நேரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆவணத்தில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தும் மாற்றமாக இருந்தால், மறுபடி திருத்திவிடலாம். உள்ளே மட்டும் பயன்படும் ஒரு செயல்கூற்றைச் சீரமைக்கும் மாற்றமாக இருந்தால், ஒரே கட்டளையில் பழைய நிலைக்குத் திரும்பலாம். வெளியிலுள்ள எவருக்கும் அது தெரியவே தெரியாது.

பயனர்கள் தம் நிரலில் அழைக்கும் பொது இடைமுகம் அப்படியல்ல. புதிய செயல்கூறு ஒன்றை வெளியீட்டில் சேர்த்துவிட்டால், அன்றிலிருந்து யாரோ ஒருவர் அதை நம்பி எழுதத் தொடங்குவார். அதன் பெயரையோ அளபுருக்களின் வரிசையையோ பிறகு மாற்றினால் அவருடைய நிரல் உடையும். பயனர் கண்ணில் படும் நடத்தையை உடைக்கக்கூடாது என்பதில் லினக்ஸ் கெர்னல் (லினக்ஸ் இயக்குதளத்தின் மையப் பகுதி) காட்டும் பிடிவாதம் பெயர் பெற்றது. முன்பு ஓடிக்கொண்டிருந்த நிரல் புதிய கெர்னலில் ஓடாவிட்டால், அந்த நிரல் எவ்வளவு மோசமாக எழுதப்பட்டிருந்தாலும், தவறு கெர்னலுடையது என்பதே அதை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் பல ஆண்டுகளாக வலியுறுத்திவரும் நிலைப்பாடு. அப்படிப்பட்ட திட்டத்தில் புதிய இடைமுகத்தை இணைப்பது ஏறக்குறைய நிரந்தரமான முடிவு.

இன்னும் கடினமானவை கோப்பு வடிவங்களும் வலையமைப்பு நெறிமுறைகளும் தரவுத்தளக் கட்டமைப்பு மாற்றங்களும். இவற்றில் நிரலைப் பின்வாங்கினாலும் தரவு பின்வாங்காது. புதிய வடிவத்தில் சேமிக்கப்பட்ட கோப்புகள் பயனர்களின் வட்டில் ஏற்கெனவே இருக்கும். பழைய பதிப்பால் அவற்றைப் படிக்க முடியாது. எனவே ஒவ்வொரு கோரிக்கைக்கும் எளிது, கடினம், மீளாதது என்று மூன்று அடையாளச் சீட்டுகளில் ஒன்றை ஒட்டிவிடுங்கள். அடுத்து எத்தனை பேர் பார்க்க வேண்டும், எத்தனை நாள் திறந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சீட்டிலிருந்தே பிறக்கும்.

மீளாத மாற்றத்தைக் கடின வகைக்கு இறக்கவும் வழி உண்டு. புதிய நடத்தையை ஒரு அமைப்பு விருப்பத்துக்குப் பின்னால், இயல்பாக அணைந்திருக்கும்படி சேர்க்கலாம். அல்லது சோதனை நிலை என்று தெளிவாக முத்திரையிட்டு வெளியிடலாம். ரஸ்ட் நிரல்மொழியில் புதிய வசதிகள் முதலில் நைட்லி எனப்படும் அன்றாடச் சோதனைப் பதிப்பில் மட்டும், அதற்கென உள்ள அடையாளத்தை எழுதி வேண்டிக் கேட்பவர்களுக்கே கிடைக்கின்றன. நிலைநிறுத்துவது தனியானதொரு முடிவாகப் பின்னால் வருகிறது. இதனால் நிரலை இணைப்பதும் அதற்கு வாக்குக் கொடுப்பதும் பிரிந்துவிடுகின்றன. பெரிய வசதியைக் கொண்டுவரும் பங்களிப்பாளரிடம் இந்த வழியைப் பரிந்துரைத்தால், இருவரின் சுமையும் குறையும்.

படி 2: இந்த மாற்றம் வேண்டுமா என்பதை நிரலுக்கு முன்பே பேசுங்கள்

தேவையில்லாத வசதியின் நிரலை வரிவரியாகச் சீராய்வு செய்து, பத்துத் திருத்தங்கள் கேட்டு, எல்லாம் முடிந்த பிறகு இது நம் திட்டத்துக்குப் பொருந்தாது என்று சொல்வது பங்களிப்பாளருக்கு இழைக்கும் பெரிய அநீதி. திட்டத்தின் எல்லைக்குள் இது வருமா என்ற கேள்வியை முதல் பதிலிலேயே தீர்த்துவிடுங்கள். தீர்க்க முடியாவிட்டால், அதுவரை நிரலை விரிவாகப் பார்க்கப் போவதில்லை என்பதையாவது சொல்லிவிடுங்கள்.

பெரிய திட்டங்கள் இதற்கென முறைகளையே வகுத்திருக்கின்றன. பைத்தான் மொழியில் முக்கிய மாற்றங்கள் பெப் எனப்படும் முன்மொழிவு ஆவணமாக எழுதப்பட்டு விவாதிக்கப்படுகின்றன. ரஸ்டில் ஆர்.எஃப்.சி. எனப்படும் முன்மொழிவு ஆவணம் ஏற்கப்படும் முன் இறுதிக் கருத்துக் காலம் என 10 நாள்கள் ஒதுக்கப்படுகின்றன. சிறிய திட்டத்துக்கு இவ்வளவு சம்பிரதாயம் தேவையில்லை. என்ன சிக்கல், யாருக்குச் சிக்கல், வேறு எந்த வழிகள் பரிசீலிக்கப்பட்டன என்று மூன்று பத்திகளில் ஓர் இஷ்யூவில் (திட்டத்தின் சிக்கல் பதிவில்) எழுதச் சொன்னாலே போதும். எழுத முடியாத அளவுக்குக் குழப்பமான நோக்கம் இணைக்கத் தயாரான நோக்கம் அல்ல.

படி 3: உரிமத்தைச் சரிபாருங்கள்

இது சுருக்கமான படி. ஆனால் தாண்டக்கூடாத படி. அனுப்பியவர் அந்த நிரலைத் தரும் உரிமை உடையவரா, வேறொரு திட்டத்திலிருந்து எடுத்ததாக இருந்தால் அதன் உரிமம் உங்கள் உரிமத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். லினக்ஸ் கெர்னல் 2004இல் டி.சி.ஓ. எனப்படும் மூலச் சான்றுமுறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கமிட்டிலும் (பதிவாகும் ஒவ்வொரு மாற்றத் தொகுதியிலும்) ‘சைன்ட்-ஆஃப்-பை’ என்ற வரியைச் சேர்ப்பதன் மூலம் பங்களிப்பாளர் தமக்கு அந்த உரிமை உண்டென்று உறுதியளிக்கிறார். வேறு பல திட்டங்கள் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தைக் கேட்கின்றன. எதைப் பின்பற்றினாலும், இணைத்த பின் கேட்பதில் பயனில்லை. பல பேருடைய கமிட்டுகள் அதன்மேல் அடுக்கப்பட்ட பிறகு உரிமச் சிக்கலுள்ள ஒரு துண்டைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

படி 4: சீராய்வில் எங்கே அதிக நேரம் செலவிடுவது

எல்லா வரிகளையும் ஒரே கவனத்தோடு படிப்பது இயலாத காரியம். எனவே கவனத்தை எங்கே குவிப்பது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் சோதனைகளைப் படியுங்கள். வழு ஒன்றைத் திருத்தியதாகச் சொல்லும் மாற்றத்தில், அந்த வழுவை வெளிப்படுத்தும் சோதனை இருக்க வேண்டும். திருத்தத்தை நீக்கிவிட்டு ஓட்டினால் அந்தச் சோதனை தோற்க வேண்டும். இதை உங்கள் கணினியிலேயே செய்து பாருங்கள். திருத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தேறும் சோதனைகள் வியப்பளிக்கும் அளவுக்கு அடிக்கடி வருகின்றன.

அடுத்து, வெளியிலிருந்து வரும் தரவைத் தொடும் வரிகளைப் படியுங்கள். இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். நூலகத்தின் ஹார்ட்பிளீட் பலவீனம் எவரும் மறக்கக்கூடாத பாடம். மறுமுனை அனுப்பும் செய்தியின் நீளம் இவ்வளவு என்று மறுமுனையே சொல்வதை நம்பி, உண்மையில் அவ்வளவு வந்திருக்கிறதா என்று சரிபார்க்காமல், நினைவகத்திலிருந்து அத்தனை பைட்டுகளை நகலெடுத்துத் திருப்பி அனுப்பியது அந்த நிரல். 2012 மார்ச்சில் வந்த 1.0.1 பதிப்போடு வெளியான அந்தப் பலவீனம் 2014 ஏப்ரலில்தான் உலகுக்குத் தெரிந்தது. இணைக்கப்படும் முன் அது சீராய்வையும் கடந்தே வந்தது. சீராய்வு நடந்தது என்பதும், சீராய்வு செய்தவர் சரியான கேள்வியைக் கேட்டார் என்பதும் ஒன்றல்ல. நீளம், எல்லை, குறியேற்றம், கோப்பின் பாதை ஆகிய நான்கும் வெளியிலிருந்து வருமானால், ஒவ்வொன்றுக்கும் இது பொய்யாக இருந்தால் என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்திலேயே பதில் பெறுங்கள்.

மூன்றாவதாக, யாரும் படிக்காத கோப்புகளைப் படியுங்கள். பில்ட் நிரல்கள் (மூல நிரலை ஓடும் மென்பொருளாக மாற்றுபவை), சார்பு நூலகங்களின் பட்டியல், தானியங்கிச் சோதனைக்கான அமைப்புக் கோப்புகள், சோதனைக்கென்று சேர்க்கப்படும் பைனரிக் கோப்புகள் ஆகியவை சலிப்பூட்டுபவை, அதனாலேயே ஆபத்தானவை. 2024 மார்ச் 29 அன்று வெளிச்சத்துக்கு வந்த எக்ஸ்.இசட். யூட்டில்ஸ் என்னும் தரவுச் சுருக்கக் கருவியின் பின்கதவு (இரகசிய நுழைவழி) இப்படித்தான் ஒளிந்திருந்தது. தீய நிரல் சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் களஞ்சியத்துக்குள் (திட்டத்தின் நிரல் சேமிப்பகத்துக்குள்) வைக்கப்பட்டிருந்தது. அதை எடுத்துச் செயல்படுத்தும் பில்ட் துண்டு களஞ்சியத்தில் இல்லாமல், வெளியீட்டுக்கென்று தயாரிக்கப்பட்ட தொகுப்பில் மட்டும் இருந்தது. 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் அது வெளியானது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் வளர்ச்சியில் பணியாற்றும் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், எஸ்.எஸ்.எச். வழியான தொலைநிலை உள்நுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவியதால்தான் அது அகப்பட்டது.

அந்நிகழ்வில் நிரலுக்கு அப்பாலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பின்கதவை வைத்தவர் ஒரே நாளில் வந்தவரல்லர். நீண்ட காலம் பயனுள்ள மாற்றங்களை அனுப்பி நம்பிக்கை பெற்று, இணைக்கும் அதிகாரத்தையும் பெற்றவர். அதற்கு முன், ஏன் இவ்வளவு தாமதம், வேறொருவரிடம் பொறுப்பை ஒப்படைக்கலாமே என்று வேறு சில கணக்குகளிலிருந்து மூலப் பராமரிப்பாளருக்கு அழுத்தம் கொடுக்கப்பட்டது. எனவே, விரைவாக இணைக்கும்படி வரும் அழுத்தம் எந்த நிலையிலும் இணைப்பதற்கான காரணம் ஆகாது. அழுத்தம் கூடக்கூட, இன்னொருவரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்காக எவரிடமும் வருத்தம் தெரிவிக்க வேண்டியதில்லை.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட மாற்றத்தை உண்மையாகச் சீராய்வு செய்ய எவராலும் முடியாது; ஒப்புதல் தருவது மட்டுமே முடியும். சீரமைப்பைத் தனியாகவும் நடத்தை மாற்றத்தைத் தனியாகவும் பிரித்து அனுப்பச் சொல்லுங்கள். கோப்புகளை இடம் மாற்றும் கமிட்டில் வேறெதுவும் இருக்கக்கூடாது. பிரித்தனுப்பக் கேட்பது பங்களிப்பாளருக்குக் கூடுதல் வேலைதான். ஆனால் முதல் இரு துண்டுகள் விரைவில் இணைக்கப்படுவதைக் காணும்போது அவருக்கே அதன் பயன் புரியும். தயக்கமின்றிக் கேளுங்கள்.

படி 5: பச்சைக் குறி எதைச் சொல்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்

தானியங்கிச் சோதனை தேறியது என்றால், ஒரு குறிப்பிட்ட நிலையில் இருந்த நிரல் தேறியது என்று பொருள். நீங்கள் இணைக்கப்போகும் நிலை அதுவாக இல்லாமலும் போகலாம். ஒருவர் ஒரு செயல்கூற்றின் பெயரை மாற்றி, அதை அழைக்கும் எல்லா இடங்களையும் திருத்தி அனுப்புகிறார். அதே வாரத்தில் இன்னொருவர் பழைய பெயரால் அதை அழைக்கும் புதிய கோப்பை அனுப்புகிறார். தனித்தனியே இரண்டும் தேறும். இருவரும் வெவ்வேறு வரிகளைத் தொட்டிருப்பதால் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியான கிட் எந்த மோதலையும் காட்டாது. இரண்டையும் இணைத்த மறுகணம் முதன்மைக் கிளை உடையும்.

ரஸ்ட் மொழியை உருவாக்கிய கிரேடன் ஹோர் இதற்கு முன்வைத்த விதி எளிமையானது: எல்லாச் சோதனைகளிலும் தேறும் நிலையிலேயே எப்போதும் இருக்கும் களஞ்சியத்தை இயந்திரமே பேண வேண்டும். ரஸ்ட் திட்டத்தில் பார்ஸ் என்னும் கருவி இதைச் செய்தது. ஒப்புதல் பெற்ற மாற்றத்தை முதன்மைக் கிளையின் அண்மை நிலையோடு சேர்த்து, அந்தச் சேர்க்கையைச் சோதித்து, தேறினால் மட்டுமே அதே சேர்க்கையை முதன்மைக் கிளையாக்கியது. திட்டங்களை ஏற்றிவைக்கும் கிட்ஹப் தளம் மெர்ஜ் க்யூ (இணைப்பு வரிசை) என்ற பெயரில் இத்தகைய வசதியை 2023இல் பொதுப் பயன்பாட்டுக்குத் தந்தது. வாரத்துக்கு ஓரிரு மாற்றங்கள் மட்டும் வரும் திட்டத்துக்கு இது தேவையில்லை. இணைக்கும் முன் கிளையைப் புதுப்பித்து மீண்டும் ஒருமுறை சோதனையை ஓட்டினால் போதும். நாளொன்றுக்குப் பல மாற்றங்கள் வரும் திட்டத்துக்கோ வரிசை முறை அவசியம்.

சில நேரம் தேறி, சில நேரம் தோற்கும் சோதனைகள் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் கெடுத்துவிடும். சிவப்புக் குறியைக் கண்டதும் மீண்டும் ஓட்டு பொத்தானை அழுத்தும் பழக்கம் வந்துவிட்டால், உண்மையான தோல்வியும் அதே பழக்கத்தால் மறைந்துபோகும். அத்தகைய சோதனையைத் திருத்துங்கள். உடனே இயலாவிட்டால், இஷ்யூ ஒன்றைத் திறந்து, அதன் எண்ணைக் குறிப்பிட்டுச் சோதனையை நிறுத்திவையுங்கள்.

பாதுகாப்பு தொடர்பான ஓர் எச்சரிக்கையும் உண்டு. அறியாதவர் அனுப்பும் நிரல் உங்கள் சோதனைச் சூழலில் ஓடுகிறது என்பதை மறக்க வேண்டாம். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்ற தானியங்கிப் பணி வசதியில் ‘புல் ரிக்வெஸ்ட் டார்கெட்’ என்ற தூண்டுதலில் ஓடும் பணிகளுக்கு இரகசியச் சாவிகள் கிடைக்கும்; அதே பணி வெளியாரின் நிரலை இறக்கி ஓட்டுமானால் சாவிகள் களவு போகலாம். பணியமைப்புக் கோப்பையே மாற்றும் கோரிக்கை வந்தால், சோதனையை ஓட அனுமதிக்கும் முன்பே அதைப் படித்துவிடுங்கள்.

படி 6: யார் ஒப்புதல் தர வேண்டும், எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்

காத்திருப்பதன் நோக்கம் தாமதப்படுத்துவது அல்ல. வேறொரு நேர மண்டலத்தில் இருப்பவர், வார இறுதியில் மட்டும் பங்களிக்கும் தன்னார்வலர், அந்தப் பகுதியை எழுதிய மூத்தவர் ஆகியோருக்குப் பார்க்க வாய்ப்புத் தருவதுதான். நோட்.ஜேஎஸ் திட்டத்தின் விதி நல்ல முன்மாதிரி: சாதாரணமாகப் புல் ரிக்வெஸ்ட் ஒன்று குறைந்தது 48 மணி நேரம் திறந்திருக்க வேண்டும், திட்டக் குழுவினர் இருவரின் ஒப்புதல் வேண்டும், 7 நாள்களுக்கு மேல் திறந்திருந்தால் ஒருவரின் ஒப்புதலே போதும். சிறிய திருத்தங்களை விரைந்து சேர்க்கத் தனி வழியும் உண்டு. சீராய்வாளர் குறைவு என்ற உண்மையையும் காத்திருப்பின் தேவையையும் இந்த விதி ஒருசேர மதிக்கிறது.

அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் திட்டங்களில் சோம்பல் ஒருமிப்பு என்ற நடைமுறை உள்ளது. ஒன்றைச் செய்யப்போவதாக அறிவித்து, பொதுவாக 72 மணி நேரம் காத்திருந்து, எவரும் மறுக்காவிட்டால் சம்மதமாகவே கொள்ளலாம். நிரல் மாற்றத்துக்கு உரிமையுள்ள ஒருவர் எதிர்வாக்கு அளித்தால் அது தடையாணை ஆகும். ஆனால் தொழில்நுட்பக் காரணம் சொல்லாத தடை செல்லாது. இந்த நிபந்தனையைச் சிறு திட்டங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எனக்குப் பிடிக்கவில்லை என்பது கருத்து. இந்தச் சூழலில் இது உடையும் என்பது மறுப்பு. கருத்துகளுக்குப் பதில் சொல்லிவிட்டு இணைக்கலாம். மறுப்பைத் தீர்க்காமல் இணைக்கக்கூடாது.

இதற்கு நேர்மாறான அணுகுமுறையும் இருக்கிறது. ஜீரோ எம்.க்யூ. திட்டத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான பீட்டர் ஹின்ட்ஜென்ஸ், வரும் மாற்றங்களை விவாதமின்றி விரைவாக இணைத்து, குறையிருந்தால் அடுத்த மாற்றத்தால் திருத்திக்கொள்ளலாம் என்று வாதிட்டார். புதியவர்களை ஈர்ப்பதில் இதற்கு உண்மையான வலிமை உண்டு. ஆனால் எளிதில் பின்வாங்கக்கூடிய மாற்றங்களுக்கே இது பொருந்தும் என்பது என் மதிப்பீடு. கோப்பு வடிவத்தையோ குறியாக்க நூலகத்தையோ இப்படிக் கையாள முடியாது.

ஒரே ஒரு பராமரிப்பாளர் மட்டும் இருக்கும் திட்டங்கள்தான் பெரும்பான்மை. அங்கே உங்கள் மாற்றத்துக்கு நீங்களே ஒப்புதல் தர வேண்டியிருக்கும். அப்போதும் கோரிக்கையாகத் திறந்து, ஓரிரவு விட்டு, மறுநாள் வேறொருவர் எழுதியதைப்போல் படியுங்கள். மீளாத வகையானால், அந்த நூலகத்தைப் பயன்படுத்தும் ஒருவரையாவது அழைத்துக் கருத்துக் கேளுங்கள்.

படி 7: வெளியீட்டு நாள்காட்டியோடு ஒத்துப் பாருங்கள்

நல்ல மாற்றமே தவறான வாரத்தில் இணைக்கப்பட்டால் கெட்ட மாற்றமாகிவிடும். வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்பு சேர்க்கப்படும் சீரமைப்பை எவரும் பயன்படுத்திப் பார்த்திருக்க மாட்டார்கள். வெளியீடு முடிந்த மறுநாள் சேர்த்திருந்தால், அடுத்த வெளியீடு வரை அது பலர் கையில் அடிபட்டுத் தேறியிருக்கும். பெரியதும் ஆபத்தானதுமான மாற்றங்களைச் சுற்றின் தொடக்கத்தில் சேருங்கள். சுற்றின் முடிவை நெருங்க நெருங்க வாசலைக் குறுக்குங்கள்.

லினக்ஸ் கெர்னல் இதையே விதியாக்கியிருக்கிறது. ஒரு பதிப்பு வெளியானதும் இரண்டு வாரங்கள் மெர்ஜ் சாளரம் திறந்திருக்கும்; புதிய வசதிகள் அப்போது மட்டுமே உள்ளே வரும். சாளரம் ஆர்சி1 எனப்படும் முதல் முன்வெளியீட்டோடு மூடப்படும். அதன்பின் ஏறத்தாழ வாரத்துக்கு ஒன்றாக ஆர்சி7 அல்லது ஆர்சி8 வரை வரும் முன்வெளியீடுகளில் திருத்தங்கள் மட்டுமே சேர்க்கப்படும். சாளரத்தில் வரும் மாற்றங்களும் அன்றைக்குத்தான் முளைத்தவையாக இருக்கக்கூடாது. அதற்கு முன்பே லினக்ஸ்-நெக்ஸ்ட் என்னும் கூட்டுக் கிளையில் மற்றவற்றோடு சேர்ந்து சோதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. போஸ்ட்கிரெஸ் திட்டம் ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச் மாதங்களில் கமிட்ஃபெஸ்ட் நடத்தி, புதிதாக எழுதுவதைவிடக் காத்திருக்கும் மாற்றங்களைச் சீராய்வு செய்வதில் குழுவின் கவனத்தைத் திருப்புகிறது. ஏப்ரலில் புதிய வசதிகளுக்கு வாசல் அடைக்கப்படுகிறது. கிட் திட்டமே தன் மாற்றங்களை அடுக்கடுக்காக முதிரவைக்கிறது. அதன் பராமரிப்பாளர் ஜூனியோ ஹமானோ ஒவ்வொரு தலைப்பையும் முதலில் ‘சீன்’ கிளையிலும், தேறியவற்றை ‘நெக்ஸ்ட்’ கிளையிலும் சில காலம் வைத்திருந்து, பிறகே ‘மாஸ்டர்’ கிளைக்குக் கொண்டுவருகிறார்.

பங்களிப்பாளர்கள் கடைசி நேரத்தில் அவசரப்படுவது பெரும்பாலும் அடுத்த வெளியீடு எப்போது என்று தெரியாததால்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உறுதியாக வெளியீடு வரும் என்று தெரிந்தால், இதைத் தவறவிட்டால் அதில் சேரும் என்று அமைதியாக இருப்பார்கள். எனவே நாள்காட்டியை வெளிப்படையாக எழுதிவைப்பது இணைக்கும் முடிவுகளை நேரடியாக மேம்படுத்தும். பாதுகாப்புத் திருத்தம் மட்டும் இந்த நாள்காட்டிக்குக் கட்டுப்படாது. அதைத் தனிப்பட்ட முறையில் சீராய்வு செய்து, இணைப்பதையும் வெளியிடுவதையும் ஒரே நாளில் செய்யுங்கள். பொதுக் கிளையில் இணைத்த கணமே பலவீனத்தின் இருப்பிடம் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

படி 8: இணைக்கும் நேரமும் முறையும்

இணைத்த பிறகு சில மணி நேரமாவது நீங்கள் கணினி அருகில் இருக்கப்போகும் பொழுதைத் தேர்ந்தெடுங்கள். பயணத்துக்குப் புறப்படும் முன் அவசரமாக மூன்று கோரிக்கைகளை முடித்துவிட்டுப் போவது பிறர் நேரத்தைப் பணயம் வைப்பதாகும்.

ஸ்குவாஷ் (ஒரே கமிட்டாகச் சுருக்குவது), ரீபேஸ் (கமிட்டுகளை முதன்மைக் கிளையின் முனையில் மீண்டும் அடுக்குவது), மெர்ஜ் கமிட் (இரு கிளைகளை ஒரு புதிய கமிட்டால் இணைப்பது) ஆகிய மூன்றில் எது சிறந்தது என்ற விவாதம் முடிவற்றது. இங்கேயும் பின்வாங்கும் எளிமையைக் கொண்டு தீர்மானிக்கலாம். ‘இதைத் திருத்தினேன்’, ‘மறுபடியும் திருத்தினேன்’ என்று பங்களிப்பாளரின் கமிட்டுகள் சிதறிக் கிடந்தால், ஒன்றாகச் சுருக்கிச் சேருங்கள். ஒரே கமிட்டைத் திரும்பப் பெறுவது எளிது. ஒவ்வொரு கமிட்டும் தனியே பொருளுள்ளதாகவும் தனியே சோதனையில் தேறுவதாகவும் இருந்தால் அப்படியே காப்பாற்றுங்கள். கிட் பைசெக்ட் கட்டளை 1,000 கமிட்டுகளுக்குள் வழு நுழைந்த இடத்தை ஏறத்தாழ 10 சோதனைகளில் காட்டிவிடும். ஆனால் இடையில் பில்ட் ஆகாத கமிட்டுகள் கிடந்தால் அந்தத் தேடல் தடுமாறும்.

கமிட் செய்தியில் என்ன மாறியது என்பதைவிட ஏன் மாறியது என்பதை எழுதுங்கள். இஷ்யூ எண் மட்டும் போதாது. திட்டம் ஒரு நாள் வேறு தளத்துக்கு இடம்பெயர்ந்தால் அந்த எண் பொருளற்றுப்போகும், ஆனால் கமிட் செய்தி களஞ்சியத்தோடு கூடவே வரும்.

படி 9: உடைந்தால் முதலில் திரும்பப் பெறுங்கள்

இணைத்த மாற்றம் முதன்மைக் கிளையை உடைத்தால், அங்கேயே உட்கார்ந்து திருத்த முயல்வது பலருக்கும் இயல்பாக வரும் உந்துதல். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். எல்.எல்.வி.எம். திட்டத்தின் வளர்ச்சிக் கொள்கை இவ்விடத்தில் தெளிவாக இருக்கிறது: உடைக்கும் மாற்றத்தை உடனே திரும்பப் பெறுவது சாதாரணமான, ஆரோக்கியமான நடைமுறை, அது எழுதியவர் மீதான குற்றச்சாட்டு அல்ல. முதன்மைக் கிளை உடைந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மற்ற எல்லோரின் சோதனைகளும் பொருளிழக்கின்றன. திரும்பப் பெறும் கமிட்டில் எந்தச் சோதனை, எந்தச் சூழலில் தோற்றது என்பதை எழுதி, எழுதியவரைக் கனிவோடு அழைத்து, திருத்தியபின் மீண்டும் அனுப்பச் சொல்லுங்கள்.

மெர்ஜ் கமிட்டைத் திரும்பப் பெறுவதில் ஒரு பொறி இருக்கிறது. கிட் ரிவர்ட் கட்டளை மாற்றங்களின் விளைவை மட்டுமே நீக்கும். அந்தக் கிளையின் கமிட்டுகள் வரலாற்றில் இணைந்தவையாகவே நிற்கும். பங்களிப்பாளர் அதே கிளையில் ஒரு திருத்தத்தைச் சேர்த்து மறுபடி இணைக்கக் கேட்டால், புதிய திருத்தம் மட்டும் உள்ளே வரும். பழைய கமிட்டுகள் ஏற்கெனவே வந்துவிட்டன என்று கிட் கருதுவதால் அவற்றின் மாற்றங்கள் வராது. முதலில் ரிவர்ட் கமிட்டையே ரிவர்ட் செய்துவிட்டுப் புதிய திருத்தத்தை இணைக்க வேண்டும். அல்லது கமிட்டுகளைப் புதிதாக எழுதிப் புதிய கிளையாக அனுப்பச் சொல்ல வேண்டும்.

இணைத்தபின் பார்க்கும் கண்களும் தேவை. 2021 மார்ச்சில் பி.எச்.பி. நிரல்மொழித் திட்டத்தின் களஞ்சியத்தில், முக்கியப் பங்களிப்பாளர்களின் பெயரில் இரண்டு தீய கமிட்டுகளை யாரோ நுழைத்தார்கள். உள்ளே வரும் கமிட்டுகளைத் தொடர்ந்து படித்துவந்தவர்களால் அவை சில மணி நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்டன. முதன்மைக் கிளையில் சேரும் ஒவ்வொன்றும் குழுவிலுள்ள அனைவருக்கும் அறிவிப்பாகச் செல்லும்படி அமைத்துவையுங்கள்.

படி 10: இணைக்கவும் முடியாமல் மூடவும் மனமில்லாமல் நிற்பவை

எல்லாத் திட்டங்களிலும் இப்படிச் சில கோரிக்கைகள் தங்கிவிடுகின்றன. நல்ல எண்ணம், பாதி முடிந்த நிரல், பதில் சொல்லாத பங்களிப்பாளர். கேட்ட திருத்தம் சிறியதாக இருந்தால் காத்திருக்க வேண்டாம். நீங்களே செய்து, கமிட் செய்தியின் ‘கோ-ஆதர்ட்-பை’ (இணை ஆசிரியர்) வரியில் அவர் பெயரைச் சேர்த்து இணைத்துவிடுங்கள். பெரியதாக இருந்தால், இன்ன தேதிக்குள் தொடர இயலுமா, இல்லையென்றால் வேறொருவர் எடுத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். அந்தத் தேதி கடந்தால், இதுவரை எது தீர்ந்தது, எது மீதமிருக்கிறது என்று இரண்டு பத்தி எழுதி மூடுங்கள். அதே சிக்கலை எடுத்துக்கொள்ள முன்வரும் அடுத்தவருக்கு அந்த இரண்டு பத்தியே தொடக்கப் புள்ளியாகும். எத்தனை நாள் செயல்பாடு இல்லை என்பதை மட்டும் எண்ணிக் கோரிக்கைகளைத் தானாக மூடும் பாட் கருவிகளை நான் பரிந்துரைப்பதில்லை. பெரும்பாலான நேரங்களில் பதில் சொல்லாமல் இருந்தவர் பங்களிப்பாளர் அல்லர், நாம்தான்.

திட்டத்துக்குப் பொருந்தாதது என்று முடிவானால் அதை நேரடியாகச் சொல்லுங்கள். இப்போது வேண்டாம் என்பதையும் எப்போதும் வேண்டாம் என்பதையும் குழப்பாதீர்கள். இப்போது வேண்டாம் என்றால், எந்த நிபந்தனை நிறைவேறினால் மீண்டும் பார்ப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள்: அடுத்த முதன்மைப் பதிப்பின் வேலை தொடங்கும்போதா, அந்தப் பகுதியைப் பராமரிக்க ஒருவர் முன்வரும்போதா, சார்ந்திருக்கும் நூலகம் நிலையான பதிப்பை எட்டும்போதா என்று. எப்போதும் வேண்டாம் என்றால், காரணத்தைச் சொல்லி, தனித் துணைநிரலாகவோ தம்முடைய ஃபோர்க்கிலோ (திட்டத்தின் தனிப் பிரதியிலோ) அதை வளர்க்க அவருக்குள்ள உரிமையையும் வழியையும் காட்டுங்கள். திறமூல உரிமம் அந்தக் கதவை ஏற்கெனவே திறந்துவைத்திருக்கிறது.